காட்டுக் குடிலில் பத்தொன்பது லீட்டர் பியர்

நான் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியபோது என் கணவர் ஒரேயொரு நிபந்தனை போட்டார். அது ஃபிரிட்ஜுக்குள் வரக்கூடாது. அவர் குடிப்பதில்லை. எங்கள் ஃபிரிட்ஜில் கறிக்கும் மீனுக்குமே இடம் போதாது. அதனால் என் பத்தொன்பது லீட்டர் எஃகுப் பீப்பாய் கெல்லருக்குப் போனது. பாசல் நகரில் எங்கள் மாடிக் குடியிருப்பின் அடியில் இருக்கும் அந்த நிலவறை, போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று தடித்த சுவர் வைத்துக் கட்டியது. கோடையிலும் உள்ளே பதினைந்து பாகைக்கு மேல் ஏறாது. உருளைக்கிழங்குச் சாக்குக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துக்கும் நடுவில் பியர் சுகமாக இருந்தது. வேண்டும்போது ஒரு வெறும் போத்தலோடு கீழே இறங்கிப் போவேன்.

என் அண்ணையின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அதை முழுதாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சூக் நகரில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. சனி ஞாயிறும் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் லீவு எடுத்திருந்தார். அண்ணி ஒரு காட்டுக் குடிலை வாடகைக்குப் பிடித்திருந்தார். விறகடுப்பு உண்டு, நீள மேசை உண்டு, மின்சாரம் இல்லை.

அன்று கடும் வெயில். ஒன்றேகால் மணி நேரக் கார்ப் பயணத்தில் வளைவுக்கு வளைவு பீப்பாய் குலுங்கியது. போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் சுற்றி நிற்க, நான் குழாயைத் திறந்தேன். கிளாஸ் நிறைய நுரை. இரண்டாவதிலும் நுரை. மூன்றாவது என் சட்டையில்.

"சவர்க்காரத் தண்ணி மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணி. நான் பியர் காய்ச்சுவதில் அவருக்கு முதலிலிருந்தே விருப்பமில்லை.

முப்பது பேருக்கு முன்னால் எனக்குக் காது சுட்டது. சூடேறிய பியர் வாயுவைப் பிடித்து வைத்திருக்காது, குலுங்கினால் இன்னும் மோசம். அது குளிர வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். குடிலின் முன்னால் மலைத்தண்ணீர் ஓயாமல் விழும் மரத்தொட்டி ஒன்று இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். விரல் விறைத்தது.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்காத் தூக்கித் தொட்டிக்குள்ளை வைப்பம்."

"நானோ?" என்றார் கணவர். ஆனாலும் தூக்கினார்.

தண்ணீர் பீப்பாயின் பாதிவரைதான் வந்தது. அண்ணி ரோல்ஸ் கூடையை மூடியிருந்த பழைய பருத்திச் சேலையை உருவிக்கொண்டு வந்தார்.

"நனைச்சுச் சுத்தி விடு. காத்துப் பட்டாக் குளிரும்."

முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் தானே இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைத் தண்ணீருக்குள் விட்டார்.

மற்றவர்கள் சீட்டாடப் போனார்கள். அண்ணை ஒரு கதிரையோடு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"ரெண்டு மணித்தியாலம் எண்டாலும் வேணும், அண்ணை."

"நல்லது. இருந்து கதைப்பம்."

நாங்கள் அப்படி இருந்து எத்தனையோ வருடம். அவருடைய வேலை இடைவேளையில் ஐந்து நிமிடத் தொலைபேசிதான் வழக்கம். நான் சேலைக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். வேலையை அறுபது வீதமாக, அதாவது வாரம் மூன்று நாளாக, குறைக்க நினைப்பதாகச் சொன்னார்.

"அண்ணிக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை. பயமாக் கிடக்கு."

"இண்டைக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கு உங்களை ஏச மாட்டா."

இரண்டு மணி நேரம் கழித்துப் பீப்பாயின் குட்டைக் குழாயைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுவந்த நீண்ட மெல்லிய குழாயை மாட்டி, சுருட்டித் தண்ணீருக்குள் போட்டேன். அவ்வளவு தூரம் வந்தால் பியரின் வேகம் அடங்கும், வழியிலும் குளிரும். திறந்தேன். இரண்டு விரல் நுரை, அதன் கீழே தேன் நிறத்தில் பியர்.

அண்ணை ஒரு மிடறு குடித்தார். "கொஞ்சம் கைக்குது," என்றார். இன்னொரு மிடறு குடித்தார். "ஆனால் நல்லாயிருக்கு."

பொழுது சாய முன்பே பீப்பாயில் முக்கால்வாசி முடிந்தது. நான் கிளாஸ் கழுவும்போது அண்ணையும் அண்ணியும் தொட்டியடியில் நிற்பது தெரிந்தது. அண்ணை ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டிலை நிப்பியளோ?" என்று கேட்டார் அண்ணி.

"ஓம்."

"அப்ப குறையுங்கோவன்."

இலையுதிர்காலத்திலிருந்து அண்ணைக்கு அறுபது வீதம்தான் வேலை. ஞாயிறு மத்தியானம் தொலைபேசி எடுத்தால் ஆறுதலாகக் கதைக்கிறார். பின்னால் அண்ணி எதையோ தாளிக்கும் சத்தம் கேட்கும்.