கறிக்கடையில் நீட்டிய துண்டு

நாத்தனாருக்குப் பிரசவம் நெருங்கியதால் துணைக்கு இருக்கட்டும் என்று விருத்தாசலத்திலிருந்து என்னை ஹாம்பர்க்குக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வயது மகனையும் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்ரீமுஷ்ணத்தில் மொட்டை போடும் வரை அவன் வாயில் கவுச்சி படக்கூடாது என்பது வீட்டு வேண்டுதல். பன்றி முகம் கொண்ட பெருமாளான பூவராகர்தான் எங்கள் குலசாமி. பன்றி என்ற சொல்லைக்கூட மாமியார் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

நாத்தனார் கோழி வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததுமே வாடை முகத்தில் அடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் முழு நாக்குகள், உறைந்த ரத்தத்தில் செய்த ஏதோ ஒன்று, அரைத்த பச்சைக் கறி. ஒருவர் அந்தப் பச்சைக் கறியை அப்படியே ரொட்டியில் தடவி, வெங்காயத்தோடு கடித்துக்கொண்டிருந்தார். வெளியே போய் நிற்கலாமா? நிறைமாதக்காரியைத் தனியே விட்டால் என்ன நினைப்பாள்? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கடைக்காரம்மா வட்டமாக ஒரு துண்டைச் சீவி, முள்கரண்டியில் குத்தி, என் இடுப்பிலிருந்த மகனிடம் நீட்டினார்.

"வாங்கிக்கட்டும் அண்ணி. இங்க கொழந்தைங்களுக்கு சும்மாவே குடுப்பாங்க. வாணாம்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்குவாங்க."

"என்னா கறி அது?"

அவள் எட்டிப் பார்ப்பதற்குள் மகன் வாயில் திணித்துக்கொண்டான்.

"அய்ய, பன்னிக்கறி அண்ணி."

விரலை விட்டுத் தோண்டினேன். எச்சிலும் கொழுப்புமாகப் பாதித் துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மீதியைக் காணோம். எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். துண்டு பெரிதாகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரம்மா இன்னொன்றைச் சிறிதாக நறுக்கிச் சிரித்தபடி நீட்டினார். வேண்டாம் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கொலசாமியவே முழுங்கிட்டான் உங்க புள்ள. பயப்படாதீங்க, அம்மா காதுக்குப் போவாது."

அந்தச் சிரிப்பும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

"நீ சும்மா இரு. அத்தகிட்ட நானே போன் போட்டு சொல்லிடுறேன். பரிகாரம் எதுனா இருக்குதான்னு அவங்களே கேக்கட்டும்."

கையில் பொத்தியிருந்ததைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவினேன். பூண்டும் புகையும் கலந்த வாடை போகவில்லை. மகனின் வாயைக் கழுவிவிடப் போனபோது, அவன் என் விரலைப் பிடித்து இழுத்து ஆசையாகச் சப்பினான்.

"இன்னும்," என்றான்.