நல்ல ஷூற்றர்தான், ஆனா முழங்கால்

வலைப்பந்து ரீமுக்கு மனேச்சராய் இருக்கிறதெண்டது அடுத்தவையின்ர பிள்ளையளின்ர முழங்காலுக்குக் காவல் இருக்கிற வேலை; சம்பளமும் இல்லை, நித்திரையும் இல்லை. லண்டனில கழகம் நடத்துறவைக்கும், கழகம் நடத்துறவையைக் கலியாணம் கட்டிப்போட்டு முழுசுறவைக்கும் நான் சொல்லுறது வடிவா விளங்கும். மற்றவை சிரிச்சுப்போட்டுப் போங்கோ.

வளையத்துக்குள்ள விழாத பந்து

நான் இந்த வேலைக்கு விரும்பி வந்தனான் இல்லை. பேத்தியை பிளேஸ்டோவில ஒரு ஹோலுக்கு பிராக்டிசுக்குக் கூட்டிக்கொண்டு போறனான். போற இடத்தில சும்மா இருக்காமல் பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டுபோய் எல்லாருக்கும் ஊத்தினன். அதுதான் பிழைச்சது. தேத்தண்ணி ஊத்துறவாவின்ர கையில ரீம் சட்டையள் இருக்கிற பையைக் குடுத்தினம், பேந்து ஹோல் திறப்பைக் குடுத்தினம், பேந்து மனேச்சர் எண்டு பேரைக் குடுத்தினம். பேத்தி வலைப்பந்தை விட்டுட்டு இப்ப ஏதோ குத்துச்சண்டை பழகுறாள். நான் இன்னும் அங்கதான் நிக்கிறன்.

போன வருசம் எங்கட ஷூற்றர் கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டாள். வலைப்பந்தில ஏழு பேர் நிண்டாலும் கோல் போடலாம் எண்டு விதி இருக்கிறது ரண்டு பேருக்குத்தான். அதில நல்லாப் போடுற ஒருத்தி போனால் மற்ற அஞ்சு பேரும் பந்தைப் பிடிச்சு என்ன, பிடிக்காமல் என்ன? மிஞ்சினது மதுரா. தங்கமான பிள்ளை, ஒரு தடிமன் காய்ச்சல் கூட வராது. பந்தும் வளையத்துக்குள்ள வராது. கோடைப் போட்டியில இந்த முறையும் கடைசியா வந்தால் பிள்ளையள் ஒவ்வொருத்தராய் வேற கழகத்துக்குப் போயிடுவினம், எங்கட கதை முடிஞ்சுது. நான் இதை நினைச்சு நினைச்சு, உப்புப் போட்ட கறிக்குத் திருப்பியும் உப்புப் போட்டுக்கொண்டு திரிஞ்சன். அப்பதான் பயிற்சி குடுக்கிற ஜெனிற்றா, மன்னார்ப் பிள்ளை, மெதுவாய் வந்து என்ர காதுக்குள்ள சொன்னாள்:

"அன்ரி, கௌசி ஒரு கழகத்திலயும் இல்லாமல் சும்மாதான் இருக்கிறாளாம்."

விசாரிச்சுப் பாத்தம்

கௌசியை ஆருக்குத்தான் தெரியாது? வடமராட்சிப் பிள்ளை. நெடுவல். கையை உயத்தினால் வளையம் குனிஞ்சு குடுக்கிற மாதிரி இருக்கும். ரண்டு கழகத்தில விளையாடினவள், ரண்டிலயும் அதே வலது முழங்கால் போனது. முதல் தரம் ஒப்பரேசன். ரண்டாந்தரம் ஒப்பரேசன் இல்லை, ஆனா மாதக்கணக்கில தடியோட திரிஞ்சவள். இந்த விளையாட்டில பந்தைப் பிடிச்ச இடத்திலயே சடாரெண்டு நிக்கவேணும். அந்த நிக்கிறதுதான் முழங்காலைத் தின்னுறது.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கெல்லே, எந்தச் சம்பந்தம் எண்டாலும் நாலு இடத்தில விசாரிக்கிறது. என்ர மச்சாளின்ர மகளுக்கு மாப்பிளை பாக்கேக்க இப்பிடித்தான் லண்டனில ரூட்டிங் பக்கம் முழுக்க விசாரிச்சினம். எல்லாரும் தங்கமான பெடியன் எண்டினம். தங்கம்தான், வேலைக்கு மட்டும் போகாது. இப்பவும் போறேல்லை. சரி, அந்தக் கதை வேண்டாம், மச்சாள் இதை வாசிச்சாலும் வாசிப்பா.

நான் மோர்டனில இருக்கிற இந்திராவுக்குப் போன் எடுத்தன். கௌசி கடைசியா விளையாடின கழகத்துக்கு அவதான் மனேச்சர். எடுத்த எடுப்பில "தங்கமான பிள்ளை அன்ரி" எண்டா. எனக்கு உடன மச்சாளின்ர மருமோன்தான் ஞாபகம் வந்தது. "அப்ப ஏன் பிள்ளை விட்டனியள்?" எண்டு கேட்டன்.  அவ குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"அன்ரி, அவள் விழேக்க நான் பக்கத்தில நிண்டனான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது."

பொம்பிளை பாத்த கதை

நேரில போய்ப் பாப்பம் எண்டு முடிவெடுத்து நான், ஜெனிற்றா, கொமிற்றியில இருக்கிற ஞானம் அக்கா மூண்டு பேரும் வெளிக்கிட்டம். வெறுங்கையோட போறது அழகில்லை எண்டு ஞானம் அக்கா அப்டன் பார்க்கில இறங்கி ஒரு பெட்டி லட்டு வாங்கினவா. கோயிலுக்குப் போயிட்டு வந்ததால நானும் அவவும் சீலை. கௌசி அறை எடுத்திருக்கிற வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பாத்து, லட்டுப் பெட்டியைப் பாத்து, "வாங்கோ வாங்கோ" எண்டு இருத்திப்போட்டு மேல பாத்துக் கத்தினா: "பிள்ளை, அந்த ஜீன்ஸைக் கழட்டிப்போட்டு ஒரு நல்ல சட்டையாப் போட்டுக்கொண்டு வா!"

எனக்கு அப்பவும் விளங்கேல்லை. என்ர கண் முழுக்கப் படியிலதான். கௌசி இறங்கி வாறாள், நான் அவளின்ர வலது காலையே பாக்கிறன். மடிக்கிறாளோ, இழுக்கிறாளோ, கைப்பிடியைப் பிடிக்கிறாளோ? பிடிச்சாள். என்ர நெஞ்சு திக்கெண்டுது. ஞானம் அக்கா அதுக்குள்ள நேரா கேட்டுப்போட்டா, "இப்ப முழங்கால் எப்பிடிப் பிள்ளை, படி ஏறி இறங்க ஏலுமோ, துள்ள ஏலுமோ?" எண்டு. தேத்தண்ணித் தட்டோட வந்த வீட்டுக்கார அம்மா அப்பிடியே நிண்டுட்டா.

"ஏனக்கா, மாப்பிளை என்ன மலை ஏறுற ஆளோ?"

பஸ் ஸ்ரொப்பில

வலைப்பந்துக்கு ஆள் பாக்க வந்த கதையைச் சொல்லிச் சிரிச்சு முடிஞ்சு, லட்டும் முடிஞ்சு, கௌசி எங்களை பஸ்சுக்குக் கொண்டுவந்து விட்டாள். அப்பதான் உண்மையான கதை வந்தது. அவள் வயது போனவையைப் பராமரிக்கிற கெயார் ஹோமில வேலை. அந்த வேலையை வைச்சுத்தான் விசா. முதல் ரண்டு தரமும் முழங்கால் போகேக்க படிக்கிற விசா, படுத்துக் கிடந்தாலும் லப்டொப்பில படிக்கலாம். இப்ப அப்பிடி ஏலாது. ஆக்களைத் தூக்கி இருத்தவேணும், நாள் முழுக்க நிக்கவேணும். மாதக்கணக்கில ஷிப்டுக்குப் போகாட்டி வேலை நிலைச்சு நிக்குமோ தெரியாது. வேலை நிக்காட்டி இந்த நாட்டில அவள் நிக்கிறதும் கேள்விதான். ஊரில தாய் இவளை நம்பித்தான் இருக்கிறா.

 கோல் எண்ணுற ஆசையில நான் வந்தது ஒரு பிள்ளையின்ர சாப்பாட்டில கை வைக்க எல்லோ? "அப்ப ஏனம்மா உனக்கு இந்த விளையாட்டு? விட்டுட்டு இரன்" எண்டன். அவள் பஸ் வாற பக்கத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள்:

"விளையாடாட்டி முழங்கால் நல்லா இருக்கும் அன்ரி. நான்தான் நல்லா இருக்கமாட்டன்."

கொமிற்றி மீற்றிங்

ஞானம் அக்கா வீட்டு முன்னறையில கூடினம். கொமிற்றி எண்டால் நாங்கள் மூண்டு பேர்தான், ஆனா சத்தம் முப்பது பேருக்குக் காணும். ஜெனிற்றா ஒரே பிடி, எடுக்கவேணும் எண்டு. பிசியோ சொன்ன பயிற்சியெல்லாம் ஒழுங்காச் செய்யிறாள், முழங்காலுக்குக் கட்டுப் போட்டு விளையாடுவாள், ஒவ்வொரு கிழமையும் விளையாடத் தேவையில்லை, பெரிய போட்டிக்கு மட்டும் இறக்குவம். ஞானம் அக்காவோ வேண்டவே வேண்டாம். "நாளைக்குப் பிள்ளைக்கு விசா போனால் நீ ஹோம் ஒஃபிசில போய் வலைப்பந்து விளையாடிக் காட்டுவியோ?" எண்டு கேட்டா. "அவள் சின்னப்பிள்ளையே அக்கா? விளையாடுறதோ இல்லையோ எண்டு அவள் முடிவெடுக்கட்டன்" எண்டு ஜெனிற்றா. "நாங்கள் கூப்பிட்டால் எந்தப் பிள்ளைதான் இல்லையெண்டும்?" எண்டு ஞானம் அக்கா.

ரண்டு பேர் சொல்லுறதும் சரி. அதுதான் வில்லங்கம். ஒருத்தி பிழையாய்ச் சொல்லியிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும். வோட்டு ஒண்டுக்கு ஒண்டு, மிச்சம் நான். இந்த இடத்தில இவரிட்ட, என்ர மனுசனிட்ட, போனில கேட்டன். அவர் ரிவியில குதிரையோட்டம் பாத்துக்கொண்டு "நல்ல காலுள்ளதை எடு" எண்டிட்டு வைச்சிட்டார். கடைசியா நான் சொன்னன், எடுப்பம், ஆனா ஒரு கொண்டிசன்: நான் நிப்பாட்டு எண்டால் அவள் ஏன் எண்டு கேக்காமல் வெளியில வரவேணும். கௌசிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில கேட்டம், ஓம் எண்டாள். ஞானம் அக்கா என்னைப் பாத்து வாயைச் சுழிச்சா.

"சரி, எடுங்கோ. ஆனா அவள் துள்ளேக்க நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிப்பன் சறோ, இப்பவே சொல்லிப்போட்டன்."

எண்ணெய்

அடுத்த பிராக்டிசுக்கு எல்லாரும் ஆளுக்கொரு போத்திலோட வந்திச்சினம். ஒருத்தி ஊரில இருந்து எடுப்பிச்ச நோவெண்ணெய், ஒருத்தி கேரளா எண்ணெய், மதுரா பாவம் சைனாக் கடையில வாங்கின தைலம். ஹோலுக்கு வெளியில நிண்ட கெயார்ரேக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார்.

விளையாட்டுத் தொடங்கினால், கௌசி பந்தைக் கேட்டுக் கையை உயத்துறாள், ஒருத்தியும் குடுக்கிறாள் இல்லை. குடுத்தால் துள்ளுவாளே, துள்ளினால் விழுவாளே எண்ட பயம். குடுத்தாலும், தொட்டிலில பிள்ளையைக் கிடத்துற மாதிரி மெல்லமாய்க் குடுக்கினம். அவள் போட்டதெல்லாம் உள்ள, அதைக் கூட ஒருத்தரும் கவனிக்கேல்லை. எல்லாற்ற கண்ணும் கீழ. கடைசியா அவள் பந்தைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு நடுவில நிண்டிட்டாள்.

"எல்லாரும் என்ர முழங்காலையே பாத்துக்கொண்டு நிண்டால் பந்தை ஆரடி பாக்கிறது?"

மூண்டாம் குவாட்டர்

கோடைப் போட்டி நாள். ஒரு பக்கம் கொத்துரொட்டித் தட்டுற சத்தம், ஒரு பக்கம் மைக்கில கார் நம்பர் சொல்லி எடுக்கச் சொல்லுற சத்தம். கௌசியை வைச்சு எங்கட ரீம் கழகம் தொடங்கினதில இருந்து முதல் தரமாய் இறுதிப் போட்டிக்கு வந்திட்டுது. எதிர்ப் பக்கம் இந்திராவின்ர மோர்டன் ரீம். விடிய ஒரு தூறல் போட்டிருந்தது. கோர்ட் காய்ஞ்சிட்டுது எண்டு எல்லாரும் சொன்னவை. நான் மூண்டு தரம் செருப்பால உரசிப் பாத்தனான்.

நாலு குவாட்டர் ஆட்டத்தில மூண்டாம் குவாட்டர் முடியேக்க நாங்கள் நாலு கோல் முன்னுக்கு. முடியிறதுக்குச் சற்று முந்தி கௌசி துள்ளிப் பந்தைப் பிடிச்சாள், ஒற்றைக் காலில இறங்கினாள், போட்டாள், பந்து உள்ள. எல்லாரும் வளையத்தைப் பாத்துக் கத்தினம். நான் மட்டும் அவளின்ர கையைப் பாத்தன். அது முழங்காலில போய் ஒருக்கா நிண்டிட்டு வந்தது. இடைவேளையில கிட்டப் போய் "நில், காணும்" எண்டன். "ஒண்டுமில்லை அன்ரி, சத்தியமா ஒண்டுமில்லை" எண்டாள். "காணும் எண்டால் காணும்." அவள் என்னைப் பாத்த பார்வையை நான் சொல்லமாட்டன். ஆனா சொன்ன சொல் தவறாமல் உடுப்புக்கு மேல போட்டிருந்த ஷூற்றர் சட்டையைக் கழட்டி மதுராவிட்டக் குடுத்தாள். மதுரா பாவம், அழுகிற முகத்தோட போட்டுக்கொண்டு போனாள். கடைசிக் குவாட்டரில எங்கட பந்து வளையத்தில பட்டது, கம்பத்தில பட்டது, நடுவர் அம்மாவின்ர தோளிலயும் பட்டது. ஒரு கோலால தோத்தம். கொத்துரொட்டிப் பெட்டியோட நிண்ட ஒரு அண்ணை எனக்கெண்டே நடந்து வந்தார்.

"என்னக்கா, முழங்காலாலயில்லை தோத்தது, உங்கட பயத்தாலயெல்லோ தோத்தது!"

கௌசி வீட்டுக்கு வந்தாள்

அடுத்த நாள் அவள் ஷிப்டுக்குப் போனாள். அந்தக் கிழமை பிசியோ அமத்திப் பாத்திட்டு முழங்காலில ஒரு பிழையும் இல்லை எண்டாராம். ஜெனிற்றா இதை எனக்குச் சொன்ன விதத்தில, நான்தான் கப்பைத் தூக்கி மோர்டனுக்குப் பார்சல் பண்ணினனான் எண்ட மாதிரி இருந்தது. நிப்பாட்டினதாலதான் ஒண்டும் நடக்கேல்லையோ, நிப்பாட்டாட்டியும் ஒண்டும் நடந்திருக்காதோ? இதை ஆரிட்ட விசாரிக்கிறது? கௌசி என்னோட கதைக்கேல்லை. வட்ஸ்அப்பில நான் போட்ட பிள்ளையார் படத்துக்கும் பதில் இல்லை.

இலை உதிர்ற நேரத்தில ஒரு நாள் கதவு தட்டிக் கேட்டுது. கௌசி, கையில லட்டுப் பெட்டி. இருந்து தேத்தண்ணி குடிச்சாள். மோர்டன் திருப்பிக் கூப்பிடுதாம், இன்னும் ஒரு கழகமும் கேட்டிருக்காம். "நானும் உங்களைப் பற்றி நாலு இடத்தில விசாரிச்சனான் அன்ரி" எண்டாள். "என்னவாம்?" எண்டன். "மனுசி தங்கம், ஆனா நெஞ்சு பலமில்லை, முக்கியமான நேரத்தில விட்டுடும் எண்டினம்." எனக்குக் கோவம் வந்தது. "அப்ப மற்ற இடத்துக்குப் போறதுதானே பிள்ளை" எண்டன்.

"அங்க எத்தினை கோல் போடுவாய் எண்டு மட்டும்தான் கேட்டவை" எண்டாள். "இஞ்சதான் நிக்கப்போறன். ஆனா இந்த முறை கொண்டிசன் என்ர. நோகுதோ எண்டு நீங்கள் எத்தினை தரமும் கேளுங்கோ. வெளியில வாறதோ நிக்கிறதோ எண்டு நான் சொல்லுவன்." எனக்கு விசா, ஷிப்ட், ஊரில இருக்கிற தாய், இந்திரா சொன்ன சத்தம் எல்லாம் ஒண்டாய் ஞாபகத்துக்கு வந்துது. அப்பிடியிருந்தும் ஓம் எண்டன். அவள் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"முழங்காலுக்குக் கட்டு என்னட்ட இருக்கு அன்ரி, உங்கட நெஞ்சுக்கு என்ன போடுறதெண்டு நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

ஆகமொத்தம், ஒரு ஷூற்றரை எடுக்கிறதோ விடுறதோ எண்டு மண்டையை உடைச்ச எங்கட கழகத்தில கடைசியா மெடிக்கல் செக்கப்புக்கு நிண்டது மனேச்சர்தான், பாஸ் பண்ணினதும் மட்டுமட்டாய்த்தான்.