சாவுப்படக்காரி வாசுகி

வாசுகியை யாராவது ஓவியர் என்று மரியாதையாகச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சொல்லாமல் விட்டால் கோபம் வரும். நான் கோத்தகிரியில் பிரேம் கடை வைத்திருப்பவள், பெயர் சுலோச்சனா. சாமி படம், கல்யாணப் படம், கட்சிக்காரர் படம் என்று எது வந்தாலும் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டு அனுப்புவேன். வாசுகி என் கடைக்கு முதன்முதலாக வந்தபோது ஒரு செத்த மனிதரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அவள் வீடு. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். வாசுகி வேலை நாளில் கொழுந்து பறிப்பாள், லீவு நாளில் செத்தவர்களை வரைவாள். அந்த லைன்களில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் கையால் வரைந்த படம் ஒன்று சுவரில் ஏறியாக வேண்டும். போட்டோ ஆகாதா என்று கேட்கலாம். எந்தப் போட்டோ? பழைய ஆட்களுக்குக் கப்பல் ஏறும் முன் குடும்பத்தோடு நிற்கவைத்து எடுத்த படம் ஒன்று இருக்கும், அதில் முகம் கடுகளவு. மற்றவர்களுக்கு ஆதார் அட்டை. ஆதார் அட்டையில் யாரும் அவரவர் மாதிரி இருப்பதில்லை. ஸ்டுடியோவில் கொடுத்தால் எவனோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டு சூட்டு உடம்பில் நம் ஆளின் தலையை ஒட்டித் தருவான். அதனால் வாசுகியிடம் வந்துவிடுவார்கள்.

வந்தால் சும்மாவும் வரமாட்டார்கள். "கழுத்து வெறிச்சுன்னு இருக்குது, ரெண்டு சரம் போட்டுடும்மா" என்பார்கள். வாழ்நாள் முழுக்க மஞ்சள் கயிறோடு இருந்தவளுக்குக் காசுமாலை. கிழிந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மழையில் நின்றவளுக்குப் பட்டுச் சேலை. பீடியைத் தவிர விரலில் எதையும் மாட்டாத மனிதருக்குக் கல் மோதிரம். இதை அங்கே யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. மகனால் வாங்கித் தர முடியாததை வாசுகி வரைந்து தருகிறாள், அவ்வளவுதான்.

லைனில் அவளுக்குச் சாவுப்படக்காரி என்றே பெயர். காலையில் எதிரே வந்தால் நின்று போகிற ஆட்களும் உண்டு. அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. சாவுப்படத்தில் செத்தவர் பெயரையும் தேதியையும்தான் எழுதலாம், வரைந்தவள் பெயரை எழுதக் கூடாது. அது அபசகுனம். அவ்வளவு படங்கள் வரைந்தும் அவள் பெயர் ஒரு சுவரிலும் இல்லை. ஒரே ஒரு கேலரிச் சுவரில், ஒரே ஒரு படத்தின் கீழே "வாசுகி" என்று இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காக எந்தப் போட்டியையும் விடமாட்டாள். ஊட்டி சீசன் போட்டி, கோயமுத்தூர் போட்டி, சென்னைப் போட்டி எல்லாவற்றுக்கும் நான்தான் அட்டை வைத்துக் கட்டி அனுப்புவேன். போன வேகத்தில் திரும்பி வரும். பிரிப்பதும் நான்தான். ரயிலும் பனியும் வரைந்தால் சீசனில் விற்கும் என்று பலபேர் புத்தி சொன்னார்கள். "ரயிலு வரைய ஊரே இருக்குதுங்க்கா. நான் மூஞ்சி வரையறவ" என்பாள்.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் ஹரிதாஸ் என்பவர் கேலரி நடத்துகிறார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தமாட்டார், காபி கொடுப்பார், காபியோடு சேர்த்து ஆளையும் கலக்கிவிடுவார். வாசுகி தன் படங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் சொன்னார்:

"கை சுத்தமா இருக்கு. ஆனா இது பஜார் வேலை, வாசுகி. போட்டோவைப் பார்த்து வரைஞ்சா உயிர் வராது."

"செத்தவங்க படத்துல உசுரு வந்தா ஊட்டுல ஒருத்தரும் தூங்க முடியாதுங்க சார்."

அவர் சிரித்தார். அந்த வருஷம் அவர் நடத்தப்போகும் முகப் போட்டியைப் பற்றியும் சொன்னார். உயிரோடிருக்கிற ஒருவரை எதிரே உட்கார வைத்து வரைய வேண்டும். உட்கார்ந்தவர் நடுவர்கள் பார்க்கும் நாளிலும் திறப்பு விழாவிலும் படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் இடம் பெறுகிறவருக்கு சீசன் முழுக்க ஒரு சுவர், அதன் மேல் பெரிய எழுத்தில் பெயர்.

வாசுகி பறந்துகொண்டு வந்தாள். வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அவள் கைக்கு யார் உட்காருவார்கள்? போனில் எத்தனை போட்டோ எடுத்தாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பிரஷைத் தொட்டால் ஓட்டம். வாசுகி வரைந்தால் மாலை விழும் என்பது லைனில் குழந்தைக்கும் தெரியும். கட்டின புருஷன் எல்லப்பனே, "ஏம்மா, நானு இருக்கறது உனக்குப் பிடிக்கலீங்களா?" என்று கும்பிடு போட்டுவிட்டு ஃபேக்டரிக்கு ஓவர்டைம் போய்விட்டார். அந்த மனிதர் ஓவர்டைம் போனதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

கடைசியில் மரகதம் வந்தார். வாசுகியோடு கொழுந்து பறிக்கிறவர், அறுபதைத் தாண்டியவர், சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். என் கடையின் பின்னறையில்தான் வாசுகி வரைவாள். லைன் வீட்டில் அதற்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மரகதம் வந்து நாற்காலியைத் தட்டிப் பார்த்தார்.

"கை வச்ச நாக்காலி இல்லையா? தொரைமார் உக்காருவாங்களே, அது கொண்டா. நான் உக்காறன்."

"பயமில்லீங்களா அக்கா?" என்றாள் வாசுகி.

"என்ன பயம்? ஆனா ஒண்ணு, புள்ள. செத்தா எனக்கு என்ன போடுவியோ அத இப்பவே போடு. அட்டியல் போடு, கல்லு தோடு போடு, பச்சப் பட்டு கட்டிவுடு. எங்கம்மாவுக்கு நீ காசுமால போட்டியே, அவ பாத்தாளா? ஊரு பாத்துச்சு. என்னால அப்பிடிப் போக ஏலாது. எனக்குப் போடறத நான் பாக்கோணும்."

 அட்டியலில் என்ன கல் வேண்டும் என்று வாசுகி கேட்டாள். சிவப்புக் கல் என்றார் மரகதம்.

நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு முகம் என் கடையிலிருந்து போனதில்லை. அந்த அட்டியல் மரகதத்தின் கழுத்தில் இரவல் போலத் தெரியவில்லை. அது தனக்கு வரவேண்டியது, தாமதமாக வந்திருக்கிறது என்று அவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்து மேடும் வெயிலில் கறுத்த நெற்றியும் கொழுந்துக் கறை ஏறிய விரல்களும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட வாசுகி வெளுக்கவில்லை. கீழே மூலையில் முதன்முறையாகத் தன் பெயரை எழுதினாள்.

நடுவர்கள் பார்க்கும் நாளில் மூவரும் பஸ்ஸில் குன்னூர் போனோம். படத்துக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி கண்டக்டர் சண்டை பிடித்தது தனிக் கதை. கேலரியில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த படம் ஒரு கொழுந்துக்காரக் கிழவி. கிழிந்த ஸ்வெட்டர், வெறும் கழுத்து, கண்ணோரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன் வரைந்தது. அதற்கு உட்கார்ந்த ஜெஸிந்தா என்ற அம்மாள் அதே கிழிந்த ஸ்வெட்டரோடு பக்கத்தில் நின்றார். படத்தில் இருப்பது போலவே உடுத்தி வரவேண்டும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தானாம். எங்கள் மரகதம் எப்போதும் போடுகிற ஸ்வெட்டரில் சும்மா நின்றார். பச்சைப் பட்டுக்கு அவர் எங்கே போவார்?

நடுவர்கள் வாசுகியின் படத்தைவிட்டு நகரவில்லை. நான் மனசுக்குள் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹரிதாஸ் எங்களைத் தனியே கூப்பிட்டார்.

"முகம் பிரமாதம். முதல் இடம் உங்களுக்குத்தான்னு பேசிட்டாங்க. ஆனா அந்த நகை மட்டும் உறுத்துது. அவங்க கழுத்துல அது இல்லையே. உண்மையை வரையணும், வாசுகி. நகையை எடுத்துடுங்க, பழைய சேலையாக்கிடுங்க. ஒரு வாரம் டைம் தர்றேன்."

படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அந்தச் சுவர் அவளுக்குக் கிட்டே வந்துவிட்டது. ஒரு துணியும் கொஞ்சம் டர்பன்டைனும் இருந்தால் போதும். மறுநாள் கடைக்கு வந்தவள், "எடுத்துடறேன்க்கா. எத்தனை நாளைக்குத்தான் நானு செத்தவங்களோட மல்லுக்கட்டறது?" என்றாள்.  நான் என்ன சொல்ல? சுவர் என்னுடையதா?

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தாள். மரகதத்திடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"ஒன் படம், புள்ள. ஒன் பேரு வரட்டும். ஆனா கழட்டறப்ப என்னக் கூப்புடு, நான் வந்து உக்காறன். பொணத்துக் கழுத்துலதான் கேக்காம கழட்டுவாங்க."

சொன்னபடியே வந்தார். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். வாசுகி துணியை டர்பன்டைனில் நனைத்துக் கையில் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், மரகதத்தைப் பார்த்தாள். துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக என் சிமெண்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் துணியை வாசல் வழியாகச் சாக்கடையில் வீசினாள். அங்கேயே நின்று ஹரிதாஸுக்குப் போன் போட்டாள்.

"சார், நான் எடுக்கலீங்க."

அவர் ஏதோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. வாசுகி சொன்னது கேட்டது.

"அந்தக் கெழவி படத்துக்கே குடுங்க சார். நல்லா அழுவுது."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, திறப்பு விழாவுக்குப் போகிறோம் என்றாள். உள்ளே விடமாட்டார்களே என்றேன். "உள்ள யாருங்க்கா போறா? ரோடு அவங்க அப்பனா போட்டாரு?"

கேலரி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் தினகரன் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, படத்தை நிமிர்த்தி வைத்தோம். பக்கத்தில் மரகதம் டீ கிளாஸோடு உட்கார்ந்தார். விழாவுக்கு வந்த கார்கள் கேட்டில் வேகம் குறைத்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புக் கல் அட்டியல்தான். சிலர் இறங்கி வந்து பார்த்தார்கள். சென்னையில் கேலரி வைத்திருக்கும் மஞ்சு என்ற பெண் குனிந்து பெயரைப் படித்தாள். "வாசுகி யாரு?" என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டாள். கூட்டம் சேர்ந்ததும் ஹரிதாஸ் வெளியே வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. எல்லோருக்கும் கேட்கும்படி, இந்த அம்மாவிடம் இப்படி ஒரு நகையே கிடையாது, இது வெறும் கற்பனை, உள்ளே இருப்பதுதான் நிஜம், வாருங்கள் என்றார்.

அவர் பின்னாலேயே ஜெஸிந்தா வந்திருந்தார். பரிசு வாங்கிய கிழவி படத்தில் இருக்கும் முகம். டீ குடிக்க வந்தவர் மரகதத்தின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் அட்டியலையே பார்த்தார். பிறகு அந்தக் கிழிந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே நல்ல மஞ்சள் சேலை. ரவிக்கைக்குள் கைவிட்டு, செருகி வைத்திருந்த தங்கச் செயினை வெளியே எடுத்துக் கழுத்தில் நேராக விட்டுக்கொண்டார்.

"இது நான் சீட்டுக் கட்டி வாங்குனது. படம் எழுதறப்ப இத உள்ள தள்ளுங்கன்னாங்க. ஸ்வெட்டரும் என்னுது இல்ல, எங்கயோ இரவல் வாங்கிட்டு வந்து மாட்டிவுட்டாங்க" என்று மரகதத்திடம் சொன்னார்.

ஹரிதாஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஜெஸிந்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசுகியிடம் போனார்.

"என்கிட்ட இருந்ததக் கழட்டச் சொன்னாங்கம்மா. நீ இந்த அக்காவுக்கு இல்லாததப் போட்டுவுட்டிருக்கற. எனக்கும் ஒரு படம் எழுதித் தருவியா?"

"நான் சாவுப்படக்காரிங்க. தெரியுமில்ல?" என்றாள் வாசுகி.

"செத்தா எழுதிக்கறது இருக்கட்டும். இப்ப எழுது."