ஆமான் வேடம் கட்டிய லாசரோ

லாசரோ ஷுஸ்டருக்குக் கை முந்தும், வாய் பிந்தும். வில்லா லிஞ்ச் ஊர் நெசவாலையில் மேஸ்திரியின் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்தவன். அப்படியும் முதலாளி கிர்ஸ்னர் அவனை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அதற்கு ஒரே காரணம் எங்கள் யூத நாடகக் குழு. ஆலைக் காசில்தான் எங்கள் கொட்டகை நடந்தது, விளக்கு எரிந்தது. சுவரொட்டியில் எங்கள் பெயர்களைவிட ஆலையின் பெயர் பெரிதாக இருக்கும். லாசரோ எங்கள் முக்கிய நடிகன். பேய்லா என்கிற நான் அவனோடு நடிப்பவள்.

எங்களுக்கு மேடை கிடையாது. பார்க்க வந்தவர்களோடு நாங்களும் உட்கார்ந்திருப்போம். திடீரென்று பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து சண்டைக்குப் போவான். அவன் நடிகனா, டிக்கெட் வாங்கியவனா என்று யாருக்கும் புரியாது. கிழங்கள் தலையில் அடித்துக்கொண்டே அடுத்த வாரமும் வந்துவிடும். கிர்ஸ்னர் மட்டும் இந்தப் புதுமையில் சொக்கிப்போய், "என் நாடகம்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம் ஆலையில் வேலைநிறுத்தம். வாசலில் அடியாட்கள் இரும்புக் குழாய்களோடு இறங்கினார்கள். லாசரோவுக்குப் பக்கத்துத் தறிக்காரன் சல்மன் மண்டை பிளந்து செத்தான். மாடிப்படியில் உருண்டு விழுந்தான் என்று போலீஸ் கதை கட்டியது. ஆட்களை அனுப்பியது கிர்ஸ்னர் என்று ஆலை முழுக்கத் தெரியும். ஆனால் வெளியே சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை.

"பூரிம் பண்டிகை நாடகத்துல, எல்லார் முன்னாடியும் அந்தாள் பேரைச் சொல்லப்போறேன்" என்றான் லாசரோ.

இயக்குநர் மவுரிசியோவுக்கு முகம் வெளுத்தது. "டேய், வெளக்குக்குக் காசு குடுக்கறவன்டா அவன்."

"அந்த வெளிச்சத்துலதான் சொல்றேன்."

"உன்ன உயிரோட விடமாட்டாங்க" என்றேன் நான்.

"சல்மன மட்டும் விட்டாங்களா, பேய்லா?"

மவுரிசியோ கிர்ஸ்னரிடம் போய் வத்தி வைத்துவிட்டான். அந்தப் பயலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பூரிம் வந்தது. அந்தக் காலத்தில் யூதர்களைக் கூண்டோடு கொல்லத் துணிந்த மந்திரி ஆமானின் பெயர் அன்று காதில் விழுந்தால் போதும், கிலுகிலுப்பையைச் சுழற்றி, தரையை உதைத்து, அந்தப் பெயரே கேட்காதபடி செய்துவிடுவோம். பேச்சு வராத குழந்தைகூட இதைச் செய்யும். அந்த ஆமான் வேடம் லாசரோவுக்கு.

அவன் எழுந்து கிர்ஸ்னருக்கு நேரே நின்றான். "நான் ஆமான் இல்ல. ஆமான் அதோ, மொத வரிசையில..."

பாவி, அந்தப் பெயரை விட்டு வேறு எந்த வார்த்தையில் தொடங்கியிருந்தாலும் காதில் விழுந்திருக்கும். கிலுகிலுப்பைச் சத்தத்தில் கொட்டகையே அதிர்ந்தது. அவன் வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதற்குள் கூட்டத்திலிருந்து மூன்று தடியர்கள் எழுந்தார்கள். முதல் அடி முழங்காலில் விழுந்தது, அடுத்தது தாடையில். எலும்பு முறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஜனம் சிரித்தது. "நல்லாக் குடு அந்த ஆமானுக்கு" என்று ஒரு பெரியவர் கத்த, பெயரைக் கேட்டு மறுபடியும் கிலுகிலுப்பைகள் சுழன்றன.

"நடிப்பில்ல, நெஜமாவே கொல்றாங்க" என்று அலறினேன். "பிரமாதமா நடிக்கிற கண்ணு" என்று ஒருத்தி என் கையைத் தட்டினாள். நாற்காலியைத் தூக்கி ஒரு தடியன் தலையில் இறக்கினேன். அதற்கும் கைதட்டினார்கள். இன்னொருத்தன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். லாசரோவின் ரத்தம் முதல் வரிசைப் பெண்களின் பாவாடையில் தெறித்தபோதுதான் கிலுகிலுப்பைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அதற்குள் தடியர்கள் போய்விட்டார்கள்.

கிர்ஸ்னர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டுப்போட்ட தாடையோடு லாசரோ திக்கித் திக்கிக் கேட்டான்: "நான் சொன்னது... யாருக்காவது கேட்டுச்சா?"

கிர்ஸ்னர் குனிந்தார். "எனக்குக் கேட்டுச்சு, தம்பி. எனக்கு மட்டுந்தான்."

லாசரோ கண்ணாடித் தண்ணீர்க் கூஜாவை எடுத்து அந்த முகத்தில் அடித்தான். கூஜா உடைந்த பிறகும் அடித்தான். நான் தடுக்கவில்லை. கிர்ஸ்னருக்கு ஒரு கண் போனது.

கலைக்கு வாரிக் கொடுத்த மனிதரைக் கொல்லப் பார்த்த நன்றிகெட்டவன் என்று எங்கள் ஆட்களே கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். மவுரிசியோ அழுதுகொண்டே சொன்னான். நான் மட்டும் சல்மனில் தொடங்கி நடந்ததையெல்லாம் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டான். "இந்தம்மா நடிகைதானே?"

கோர்ட்டே சிரித்தது.