மூலை இல்லாத காலணி

என் கணவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் அவருக்குக் கைங்கரியம். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற கை என்பதால் அந்தக் கைக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. இதைத் தொடக்கூடாது, அதைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று ஒரு நாளில் பாதி கிணற்றடியிலேயே கழியும். அப்படிப்பட்டவர் ஒரு கோடை முழுவதும் பசுவின் தோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் பெண்ணுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த ஒரு பூட்ஸ் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பிடித்துக்கொண்டு நிற்பாள், நாலடி நடப்பாள். தினமும் போட்டே ஆக வேண்டும், விட்டால் கால் மடங்கி அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் சூம்பினாலும் குழந்தை வளராமல் இருப்பாளா? ஐந்து வயதில் அந்தப் பூட்ஸ் காலை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நடந்து வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், தூக்கிக்கொண்டு வந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று வாத்தியாரம்மா கேட்டுவிட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஊத்துக்கோட்டைக்காரர் கிடைத்தார். மனைவிக்கு உடம்பெல்லாம் கட்டி. வெல்லம் கரைவதுபோல் கட்டியும் கரையும் என்று அமாவாசைதோறும் எங்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வருவார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலை ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் கைப்பை தைக்கிறார்கள், அங்கே தோல் வெட்டுவது இவர் வேலை. புளியோதரை வாங்கும்போது என் கணவரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். குழந்தை கதையைக் கேட்டதும், நூலால் கால் அளவு எடுத்துக் கொடுங்கள் என்று வாங்கிப் போய், அடுத்த அமாவாசைக்குப் புது பூட்ஸோடு வந்து நின்றார். பழைய கம்பி அதில் அப்படியே பொருந்தியது.

ஆனால் அது வேலை முடியாத பூட்ஸ். பாதத்தின் மேல்பக்கத்தை மூடும் தோலைத் தைக்காமல் கயிறு கோத்து விட்டிருந்தார். பாதமும் காலும் சேர்ந்து மடங்குகிற இடத்தில் அந்தத் தோலில் ஒரு வாய் வெட்ட வேண்டும். வலி எங்கே, எலும்பு எங்கே என்று காலைப் பார்த்துத்தான் வெட்ட முடியும். குளத்துப் படியில் அவர் காலைத் தொடப் போனதும் குழந்தை ஊரைக் கூட்டிவிட்டாள். ஆஸ்பத்திரி பார்த்த குழந்தை, கையில் கருவி வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் நடுங்கும். அவள் அப்பா மட்டும்தான் அந்தக் காலைத் தொடலாம்.

"அழவுடாதீங்க," என்று அவர் கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டார். "சாமி, நீங்களே வெட்டிக்கோங்க. கயிறு அவுத்தா தோலு தட்டையா வந்துடும். வெட்டி மாட்டிப் பாருங்க, ஒத்துக்கினா நான் தெச்சுத் தரேன். ஒண்ணு பாழாப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு துண்டு வெச்சுக்கீறேன்."

"நானா?" என்றார் என் கணவர்.

"நீங்கதான். இந்தா, அட்டையில வாயி வெட்டிக் காட்டிக்கீறேன். இத்த வெச்சு, குழந்த காலுக்குத் தக்கன ஏத்தி எறக்கி வரைஞ்சுக்கோங்க. வளைவு வரும்போது மட்டும் கத்தியத் திருப்பாதீங்க. கத்தி அப்படியே நிக்கட்டும், தோலத் திருப்புங்க. கத்தியத் திருப்பிக்கினே போனா பல்லு பல்லா வரும்."

கிணற்றடிக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பு ஒன்று இருந்தது. உச்சிக்காலம் முடிந்து சாப்பிட்டதும் அங்கே போய் உட்காருவார். முதலில் வாழைப்பட்டையில் பழகினார். கத்தியைத் திருப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனால் ஆச்சா, கை கேட்க வேண்டாமா? அவர் வெட்டிய வளைவெல்லாம் தேங்காய் துருவி மாதிரி இருந்தது. "இதுல தேங்காய் துருவலாம், தூக்கிப் போடாதேங்கோ" என்று சொல்லுவேன். சிரித்துக்கொண்டு இன்னொரு பட்டையை எடுப்பார். என் வளையலை வைத்து வரைந்து பார்த்தார். வட்டம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் குழந்தையின் கால் வட்டமாகவா இருக்கிறது? ஒரு பக்கம் எலும்பு, ஒரு பக்கம் பள்ளம். எழுந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அந்தக் கோடையில் கிணறு வற்றாமல் இருந்தது பெருமாள் புண்ணியம்.

பூட்ஸ் வீட்டுக்குள் வரலாமா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாள். "அது செருப்பு இல்லை மாமி, அவளோட கால். காலைக் கழட்டி வாசல்ல வெச்சுட்டு வான்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருந்தது.

முதல் துண்டை வெட்டி முடித்து மாட்டினார். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். குழந்தை எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிவரை போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் கழற்றும்போது அழுகை அவளுக்கு வந்தது. கணுக்காலுக்கு முன்னால் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் துணி சுற்றிப் போட்டோம். அதற்கும் அடுத்த நாள், பூட்ஸைக் கையில் எடுத்ததுமே தவழ்ந்தே உள்ளே போய் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்துக்கே போகலை. இங்கேயே இருக்கேன்."

புண் ஆறட்டும் என்று விட்டோம். ஆறும் வரைக்கும் கால் காத்திருக்குமா? பூட்ஸ் போடாத ஒவ்வொரு நாளும் முழங்கால் பின்னால் இறுகுவது நான் எண்ணெய் தடவும்போதே கைக்குத் தெரிந்தது.

ஒரு நாள் சார்ப்பைப் பெருக்கும்போது ஓலைக்கு அடியில் அந்த அட்டை கிடைத்தது. ஊத்துக்கோட்டைக்காரர் வெட்டிக் கொடுத்தது. எடுத்து பூட்ஸின் வாயில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அட்டையில் வாய் வழித்துவிட்ட மாதிரி வளைந்திருந்தது. இவர் வெட்டியதில் அடிப்பக்கம் நேர்கோடு, இரண்டு பக்கமும் கதவு நிலை மாதிரி இரண்டு மூலை. கால் மடங்கும்போது அந்த மூலைகளில்தான் தோல் மடிந்து உள்ளே குத்தியிருக்கிறது.

கோயிலிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வந்ததும் அட்டையை முன்னால் போட்டேன்.

"வளைவு வராம மூலை வெச்சேளா, வேணும்னே வெச்சேளா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வளைவு வந்துடுத்து," என்றார். "வெட்டப் போனேன். பார்த்தா அது திருமண் மாதிரியே இருந்தது. வாய்க்கு நடுவில உள்ளேர்ந்து தெரியற நாக்குத் தோல் வேற, நாமத்து நடுவில இடற சிவப்பு ஸ்ரீசூர்ணம் மாதிரி. பெருமாள் திருவடின்னு நெத்தியில இட்டுக்கறதை நான் எப்படி மாட்டுத் தோல்ல கத்தியால வெட்டுவேன்? அதான் கொஞ்சம் மாத்திட்டேன்."

எங்கள் பக்கத்து நாமம் மூக்கில் இறங்காது. புருவத்துக்கு நடுவே வளைந்து நின்று, இரண்டு பக்கமும் மேலே ஏறும். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது வாஸ்தவம்தான், அச்சு அசல் அதே வளைவு. ஊத்துக்கோட்டைக்காரர் கண்ணுக்கு அது பூட்ஸ் வாய். எங்களுக்கு அப்படியா?

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போய், துணியை அவிழ்த்துக் காட்டினேன். சின்னக் காலில் இரண்டு புண். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவர் வெட்டிய இரண்டு மூலைகள்.

அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். மிச்சமிருந்தது இரண்டாவது துண்டு ஒன்றுதான்.

தோலைப் புளிய மரப் பலகையில் விரித்து ஈரத்துணியால் துடைத்தார். வளையலைக் கேட்கவில்லை. அட்டையை ஒருமுறை பார்த்துத் தள்ளி வைத்துவிட்டார். மழுங்கிய ஊசியை எடுத்து வளைவின் அடியில் வைத்தார். அங்கிருந்து வலது பக்கம் மேலே ஒரு இழுப்பு. மறுபடி அடிக்கு வந்து, எலும்புக்கு இடம் விட்டுச் சற்றே அகட்டி, இடது பக்கம் மேலே ஒரு இழுப்பு. இத்தனை நாளும் மேலிருந்து கீழேதான் வரைந்துகொண்டிருந்தார். இது தினமும் காலையில், கண்ணாடிகூடப் பார்க்காமல், நெற்றியில் அவர் இட்டுக்கொள்ளும் வரிசை. கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை.

பிறகு கத்தி. முதலில் மேலாக ஒரு கீறல், அதே கீறலில் இன்னும் கொஞ்சம் ஆழமாக. வலது கை அசையாமல் நிற்க, இடது கை தோலை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. பாசுரமா, மன்னிப்பா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டிய துண்டு பலகையில் விழுந்ததும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் விரல் தட்டவில்லை.

புண் காய்ந்ததும் பூட்ஸை மாட்டினோம். அழத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். காலை மடக்கிப் பார்த்தாள். சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள். சாயங்காலம் கழற்றியபோது காலில் லேசாகச் சிவந்த ஒரு கோடு மட்டும் இருந்தது. அடுத்த அமாவாசைக்கு வந்த ஊத்துக்கோட்டைக்காரர் கயிற்றை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று விடியற்காலையிலேயே பூட்ஸைப் போட்டுக்கொண்டுவிட்டாள். அவர் குளித்து மடியாக உட்கார்ந்து திருமண் இட்டுக்கொண்டிருந்தார். நாமம் இடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது. இவள் கம்பி கிணுகிணுக்க அவர் எதிரிலேயே போய் நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"அப்பா, என் பூட்ஸை நீ நெத்தியில இட்டுண்டிருக்கே."

ஸ்ரீசூர்ணக் குச்சி அவர் கையில் அப்படியே நின்றது. அவர் குச்சியைக் கீழே வைத்தார். அந்தக் காலை, பூட்ஸோடு, கம்பியோடு, இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னும் ஈரமாக இருந்த திருமண் அந்தத் தோலின் வளைவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

மறுபடி குளிப்பார் என்று நான் கிணற்றில் வாளியை இறக்கினேன். அவர் நெற்றியைச் சரி செய்துகொண்டு, உத்தரீயத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, நேராகக் கோயிலுக்குப் போனார். அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை அந்தக் கையால்தான் ஆயிற்று.