மனைவியின் உள்ளங்கால்

பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் பட்டறை. படகு இஞ்சின் ரிப்பேர் வேலை. வீடு பக்கத்துக் குப்பமான தோணிரேவில். என் மனைவி ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவள். பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்துப் பறிக்குள் போடுவாள். செருப்புப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. சேற்றில் இறங்குகிற காலுக்குச் செருப்பு எதற்கு என்பாள்.

சர்க்கரை வந்து எட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மாத்திரை வாங்கி வருவாள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் போடமாட்டாள். பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

ஒரு ஐப்பசியில், மழை விட்டிருந்த காலை, வீட்டுச் சிமெண்ட் தரையில் கறை பார்த்தேன். வாசலிலிருந்து அடுப்பு வரை, அடுப்பிலிருந்து தண்ணீர்க் குடம் வரை, ஓரடிக்கு ஒன்றாகப் பழுப்பு வட்டங்கள். என் காலில் ஒட்டி வந்த கிரீஸ் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். நாறியது. அவளைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னேன். வலது பாதத்தில் ஒரு பழந்துணி சுற்றியிருந்தாள். அவிழ்த்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதற்கடியில் ஒரு குழி. சுண்டுவிரல் கறுத்திருந்தது. சிப்பி ஓடு கிழித்து நாலைந்து நாள் இருக்கும் என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வலிச்சாத்தானே சொல்றதுக்கு."

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்ததும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கட்டுப் போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, இன்றைக்கே சென்னைக்குப் போய்விட வேண்டும், நாளைக்கு என்று வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். பட்டறையைத் திறக்கக்கூட நான் போகவில்லை. பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். ரயிலில் அவள் அந்தக் காலை எதிர் சீட்டில் நீட்டி வைத்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் டாக்டர் கொடுத்த சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

சென்னையில் அறுவை டாக்டர் புண்ணுக்குள்ளிருந்து நகக்கண் அளவு சிப்பித் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். அதன் மேல்தான் அவள் நாலைந்து நாள் நடந்திருக்கிறாள். யாருடைய காலிலிருந்தோ எடுத்ததைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். மறுநாள் சுண்டுவிரலையும் சுற்றியிருந்த கெட்ட சதையையும் எடுத்தார்கள். காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அதனால் மிச்சம் தப்பியது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவளிடம் சொன்னபோது, ஏரியில் எப்போது இறங்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். பாதத்தை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலிக்கிற காலை ஊன்றாதே என்றால் மனுஷர் கேட்பார்கள். வலிக்காத காலை எப்படி நிறுத்துவது? நாலாம் நாள் குடத்தோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். கட்டு நனைந்திருந்தது. குடத்தை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து புண் ஆறும்வரை தண்ணீரும் சமையலும் என் வேலை. என் குழம்பை அவள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

புண் மூடிய பிறகு ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு சோதனை செய்தார். குச்சியின் முனையில் ஒரு நைலான் இழை. எங்கள் ஊரில் மீன்பிடிக்கும் நரம்பு வலையில் இருப்பதைப் போலவே இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பல இடங்களில் அந்த இழையால் தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். இவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நர்ஸ் தொட்டுக்கொண்டே போனார். வெகுநேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையா சிஸ்டர்?" என்று கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நல்ல கால் என்று நாங்கள் நினைத்திருந்த இடது பாதத்திலும் அப்போது தொட்டு முடித்திருந்தார்.

இனி ஏரிச் சேற்றில் இறங்கக் கூடாது, மெத்தென்ற ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது, தினமும் யாராவது ஒருவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். யாராவது என்றால் எங்கள் வீட்டில் நான்தான்.

அன்று சாயங்காலம் அவள் காலைப் பிடிக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா நீ, பொண்டாட்டி கால புடிக்கற? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. வண்டிக் கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி, தரையில் சாய்த்து அவளே பார்த்துக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன். தினமும் பார்த்தாள். கேட்டால், ஒன்றும் இல்லை என்பாள். ஒரு மாதம் அப்படிப் போனது.

அதற்குள் அவள் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலைக்கும் இறால் தரம் பிரிக்கும் வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். செருப்பு பக்கத்தில் கிடந்தது. பட்டறையிலிருந்து வந்த நான் எதிரே குனிந்து என் செருப்பைக் கழற்றினேன். அவள் இடது குதிகாலில் ஏதோ முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இறால் தலையில் இருக்கும் கூர்க்கொம்பு. ஒடிந்து உள்ளே போயிருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

கண்ணாடியில் பார்த்தாயா என்று கேட்டேன். இப்போதுதான் பார்த்தேன் என்றாள். பொய் இல்லை. கண்ணாடி தரையில் கிடந்தது. சர்க்கரை அவள் கண்ணையும் மங்கலாக்கியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

விரலை எடுத்தபோது அழாதவள் அப்போது அழுதாள். சத்தம் இல்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் காலை என் பக்கம் தள்ளினாள்.

"பாருய்யா. ரெண்டையும் பாரு."

நான் கொம்பைப் பிடுங்கவில்லை. அப்படியே சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் அதை எடுத்துக் கழுவிக் கட்டினார். பத்து நாளில் ஆறிவிட்டது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மாத்திரையை இப்போது விடுவதில்லை; கண்ணுக்கும் வைத்தியம் நடக்கிறது. பழைய இடத்தில் ஒரு தடவை தோல் தடித்தது; ஆஸ்பத்திரியில் அதைச் செதுக்கிச் செருப்பை மாற்றிக் கொடுத்தார்கள். வேறு புண் வரவில்லை. வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

தினமும் விளக்கு வைத்ததும் பார்க்கிறேன். கையை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கிரீஸ் நாற்றம் போகாது, அதற்குத் திட்டுவாள். எங்களுக்குள் சண்டை வருகிற நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். காலை மட்டும் என் பக்கம் நீட்டியிருப்பாள்.