தலைவருக்குப் பின்னால் நின்றேன்

எண்பதுகளின் நடுவில் செம்பாக்கம் ஏரிப்பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்த எங்களுக்கெல்லாம் ஒரே ஏக்கம்தான்: பஸ். மெயின் ரோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வீடு சேர்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும். தாம்பரத்தில் சரித்திர டீச்சர் நான். மழைக்காலத்தில் என் புடவைக் கரையைப் பார்த்தே பிள்ளைகள் எங்கள் தெருவின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

காலனி நலச்சங்கத் தலைவர் நாயாய் அலைந்து பஸ்ஸை வரவழைத்துவிட்டார். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் முதல் நாள் வெள்ளோட்டம். காலை எட்டரைக்குள் தாம்பரம் வந்து சேராவிட்டால் ரூட்டே கிடையாது என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்த சங்கக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய ரோமாபுரியில் ஜெயித்த தளபதி ரதத்தில் ஊர்வலம் வரும்போது, பின்னால் ஓர் அடிமை நின்று, நீயும் மனுஷன்தான் என்று காதில் ஓதிக்கொண்டே வருவானாம் என்று சொல்லித் தொலைத்தேன். மாலை விழுந்தால் மனுஷனுக்குப் புத்தி பிசகும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

தலைவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"சூப்பர் டீச்சர்! நீங்களே என் பின்னாடி நின்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க!"

வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பஸ் கிளம்பியது. முன்படியில் தலைவர், அவர் முதுகுக்குப் பின்னால் நான். முதல் தெருமுனையில் மாலை போட்டார்கள். அடுத்த முனையில் ஆரத்தி. அதற்கடுத்த முனையில் மனிதர் பேசவே ஆரம்பித்துவிட்டார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சார், நீங்களும் மனுஷன்தான். மணி ஆகுது சார்!"

"இருங்க டீச்சர், ஜனங்க எவ்ளோ ஆசையா வந்திருக்காங்க! நான் எவ்ளோ அடக்கமா நிக்கறேன், பாத்தீங்களா?"

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. மறுபடியும் அந்தச் சேறுதானா!

கடைசித் தெருவில் ஆளுயர மாலையோடு நின்றார்கள். கழுத்தில் இருந்ததையெல்லாம் என் கையில் திணித்துவிட்டுத் தலைவர் கீழே இறங்கினார். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்தார். பஸ் புறப்பட்டுவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர் சேற்றில் ஓடி வந்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

மெயின் ரோட்டுக் கடைக்காரர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. படியில் மாலையும் கையுமாக என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள். யாரோ பூ வேறு வீசினார்கள். கை வலித்ததால் மாலைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டேன். பிறகு கையை ஆட்டினேன். அடடா, என்ன சுகம்! கேம்ப் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. எட்டரைக்கு முன்பே தாம்பரம் வந்துவிட்டது, எங்கள் ரூட் பிழைத்தது. நான் அப்போதும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

காதருகே ஒரு குரல் கேட்டது. கண்டக்டர்.

"இன்னா டீச்சரம்மா, கைய ஆட்டிகினே கீற? இன்னும் டிக்கெட் வாங்கல நீ."